உறைந்து நிற்கும் உலாவி



நன்றாக இயங்கிக்கொண்டிருந்த மடிக்கணினி திடீரென்று நின்றுவிடுகிறது. திரை வெளிறுகிறது, சுட்டி அசைய மறுக்கிறது, எந்த விசையை அழுத்தினாலும் பயனில்லை. கல்லூரிச் சேர்க்கைக்கோ கல்வி உதவித்தொகைக்கோ விண்ணப்பம் நிரப்பும் இறுதி நாளில் இவ்வாறு நேர்ந்தால், நட்டம் கணினிக்கு அன்று, மாணவருக்கே. 2018ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் பொறியியற் கலந்தாய்வே இணைய வழியில் நடைபெறுகிறது. மேல்மலையனூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் மாணவிக்கு அந்தப் பழைய கணினியே கல்லூரி வாயில். ஆதலின், இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவி ஏன் உறைகிறது, அதனை மீட்பது எங்ஙனம் என்று அறிவதும் இன்று கல்வியின் ஒரு கூறேயாகும்.

2011 செப்டம்பர் 15ஆம் நாள் நம் மாநில அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிற்று. எல்காட் நிறுவனத்தின் வாயிலாக வாங்கப்பட்ட கணினிகள் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்பெற்றன. தொடக்க ஆண்டுகளில் அளிக்கப்பட்டவற்றில் 2 ஜிகாபைட் நினைவகமும் 320 ஜிகாபைட் வன்வட்டும் இருந்தன. அண்ணன் படித்து முடித்த கணினியில் இன்று தங்கை படிக்கும் வீடுகள் உண்டு. அக்கணினி நின்றுபோனால், “நீ எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டாய்” என்று வீட்டார் பிள்ளையைக் கடிந்துகொள்வர். பெரும்பாலும் பிள்ளை எதனையும் கெடுத்திருக்கமாட்டார். கணினி அன்றிருந்தபடியே இருக்கிறது. இணையப் பக்கங்களோ பன்மடங்கு பருத்துவிட்டன. நேர்ந்தது பழுது அன்று, இடநெருக்கடி.

இதனை விளங்கிக்கொள்ள, செஞ்சிக் கோட்டைக்குச் செல்வோம். இராசகிரியின் அடிவாரத்தில், கல்யாண மகாலுக்கு அண்மையில், பெரிய நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது. கணினியின் வன்வட்டு அத்தகைய களஞ்சியம். மின்சாரம் நின்றாலும் அதிலுள்ள பொருள் அழியாது. ஆனால் களஞ்சியத்துள் வைத்தே நெல்லை உலர்த்த இயலுமா? வெளியே கொணர்ந்து களத்திற் பரப்ப வேண்டும். அந்தக் களமே ‘ரேம்’ என வழங்கும் உடனடி நினைவகம். நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கமும் இக்களத்தில் ஓரிடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

களம் நிரம்பியபின் மேலும் ஒரு மூட்டை வந்தால் என் செய்வது? பரப்பிய நெல்லில் ஒரு பகுதியை வாரிக் களஞ்சியத்திற்கு அனுப்பிவிட்டுப் புதியதைப் பரப்பலாம். கணினியும் இதனையே செய்கிறது. 1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய ‘அட்லஸ்’ என்னும் கணினி இம்முறைக்கு வழிகாட்டிற்று. சிறிய களத்தைக் கொண்டு பெரிய வேலை செய்யும் நல்ல உத்தி இது. எனினும், அளவு மீறினால் ஆட்கள் நாள் முழுதும் மூட்டை சுமப்பார்களேயன்றி, நெல் உலராது. கணினி இவ்வாறு வீண் சுமை சுமக்கும் நிலையை 1968இல் பீட்டர் டென்னிங் என்னும் அறிஞர் ஆராய்ந்து விளக்கினார்.

நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுக்க ஏறத்தாழ ஒரு நொடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு நேரம் போதும். சுழலும் வன்வட்டிலிருந்து எடுக்க நொடியில் நூற்றில் ஒரு பங்கு ஆகும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு இலட்சம் மடங்கு! முன்னது ஒரு நொடி எனக் கொண்டால், பின்னது ஒரு நாளுக்கும் மேலாகும். உலாவி ‘உறைந்து’ நிற்பதன் மறைபொருள் பெரும்பாலும் இதுவே. அது தூங்கவில்லை, மூட்டை சுமந்துகொண்டிருக்கிறது.

இனி, உறைந்த வேளையில் செய்யத்தக்கது யாது? முதற்கண், விசைகளை மாறி மாறித் தட்டாதீர்கள். ஒவ்வொரு தட்டலும் மற்றொரு வேலையை வரிசையில் சேர்க்கும். இரண்டொரு மணித்துளி பொறுத்துப் பாருங்கள். பின்னரும் அசையாவிடில், குரோம் உலாவியில் ஷிப்ட், எஸ்கேப் ஆகிய இரு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். திறந்துள்ள ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு நினைவகம் கொண்டுள்ளது என்னும் பட்டியல் தோன்றும். மிகுதியாக விழுங்குவதைத் தேர்ந்து, அதனை மட்டும் முடித்துவிடலாம். 2008இல் வெளிவந்த நாள்முதல் குரோம் பக்கங்களைத் தனித்தனிச் செயல்களாக இயக்குவதால் இது இயலுகிறது. உலாவி முழுவதுமே அடங்கவில்லையெனில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்றையும் அழுத்தினால் விண்டோசின் ‘டாஸ்க் மேனேஜர்’ வரும். அங்கு உலாவியை நிறுத்தலாம். மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பது இறுதி வழியாகவே இருக்கட்டும்.

மருந்துக்கு முன் நோயைக் காண வேண்டும். டாஸ்க் மேனேஜரில் நினைவகம் ஏறத்தாழ நிரம்பியிருந்து, வட்டின் விளக்கும் ஓயாது மின்னினால், இதுவரை கூறிய இடநெருக்கடியே காரணம். நினைவகத்தில் இடமிருந்தும் வட்டு மட்டும் ஓயவில்லையெனில், பின்னணியில் ஏதேனும் புதுப்பித்தல் நடைபெறலாம். அன்றி வட்டே தேய்ந்திருக்கலாம். அவ்வாறு ஐயம் எழுந்தால், வேறெதுவும் செய்யுமுன் சான்றிதழ்களையும் பாடக் குறிப்புகளையும் வேறிடத்திற் படியெடுத்து வையுங்கள். கணினி சுட்டு, விசிறி இரைந்தால், காற்றுவழியில் தூசி அடைத்திருக்கும். ஒரு பக்கம் வழக்கமான சாளரத்தில் உறைந்து, ‘இன்காக்னிட்டோ’ சாளரத்தில் நன்கு இயங்கினால், நீங்கள் சேர்த்த எக்ஸ்டென்ஷன்களுள் ஒன்றே குற்றவாளியாதல் கூடும். ஏனெனில், அச்சாளரத்தில் அவை இயல்பாக இயங்குவதில்லை.

நோய் இடநெருக்கடியாயின் மருந்து எளியது; செலவும் இல்லை. விண்ணப்பம் நிரப்பும்போது அந்த ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைத்திருங்கள். பின்னர்ப் படிக்க வேண்டியவற்றைப் புக்மார்க் செய்து மூடிவிடுங்கள். தேவையற்ற எக்ஸ்டென்ஷன்களை நீக்குங்கள். கணினி தொடங்கும்போதே தாமாக எழும் நிரல்களை நிறுத்துங்கள். 2022ஆம் ஆண்டின் இறுதியில் குரோமில் வந்த ‘மெமரி சேவர்’ வசதி, நீங்கள் பாராத பக்கங்களைத் தானே களத்திலிருந்து அகற்றும். அதனை இயக்கி வையுங்கள். நீண்ட விடைகளை முதலில் வேறொரு கோப்பில் எழுதிச் சேமித்து, பின்பு படிவத்தில் ஒட்டுங்கள். உலாவி நின்றாலும் உங்கள் உழைப்பு நிற்கும்.

செய்யத்தகாதனவும் சில உண்டு. ‘நினைவகத்தைப் பெருக்கித் தருவோம்’ என்று விளம்பரம் செய்யும் நிரல்களை நம்பாதீர்கள். களத்தை அகலமாக்கும் ஆற்றல் நிரலுக்கு இல்லை. அதுவும் களத்தில் வந்து ஓரிடத்தை அடைக்கும். ‘கேச்’ என்னும் சேமிப்பை நாள்தோறும் அழிப்பதாலும் இக்குறை தீராது. அது பெரும்பாலும் களஞ்சியத்தில் இருப்பது; அதனை அழித்தால் பக்கங்கள் மீண்டும் முழுமையாக இறங்கவேண்டி, தாமதமே மிகும்.

களம் உண்மையிலேயே போதாதெனில், அதனை விரிக்கத்தான் வேண்டும். 2 ஜிகாபைட்டை 4 ஆக்கினால் வேறுபாடு கண்கூடு. ஆயினும் விண்டோஸ் 7இன் ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிகாபைட்டுக்கு மேல் ஏற்காது. கணினிக்குக் கணினி நினைவக அட்டையின் வகையும் மாறும். ஆகவே வாங்குமுன் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுழலும் வட்டுக்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. பொருத்தினால் மூட்டை சுமக்கும் வேகம் பன்மடங்காகும். களம் மட்டும் அகலாது.

மற்றுமொரு செய்தி. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2020 சனவரி 14ஆம் நாளோடு நிறுத்திற்று. 2023 முதல் குரோமின் புதிய பதிப்புகளும் அதில் இயங்குவதில்லை. கடவுச்சொல்லும் வங்கிக் கணக்கு எண்ணும் இடும் கணினி அந்நிலையில் இருப்பது நன்றன்று. பழைய கணினிக்கேற்ற எளிய லினக்ஸ் அமைப்புகள் விலையின்றிக் கிடைக்கின்றன. தொடக்க ஆண்டுகளின் விலையில்லாக் கணினிகளிலேயே விண்டோசுடன், சீ-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்சும் சேர்த்தே தரப்பட்டது. அதனைத் திறந்து பார்த்தவர் சிலரே. கோப்புகளைப் படியெடுத்து வைத்தபின், ஆசிரியர் அல்லது விவரம் அறிந்தவர் துணையுடன் இன்றைய பதிப்பு ஒன்றினை நிறுவலாம்.

மாணவர்களே! பழையது என்னும் ஒரே காரணத்தால் ஒரு கருவியைப் பரண்மேல் ஏற்றிவிடாதீர்கள். புதிய கணினி வாங்க இயலாத வீட்டில், இருக்கின்ற கணினியை இயங்கச் செய்யும் அறிவே ஒரு செல்வம். களம் எவ்வளவு என்று அறிந்து நெல்லைப் பரப்புபவன் உழவன். அவ்வாறே உங்கள் கணினியின் அளவறிந்து பணி கொடுங்கள்; விண்ணப்பங்களை இறுதி நாளுக்கு முன்னரே அனுப்புங்கள். உங்கள் ஊரில் இது தெரியாது தவிக்கும் இளையோர்க்கும் கற்றுக்கொடுங்கள். ஒரு மணிநேர அறிவுரையால் ஒருவரின் கல்லூரி வாயில் திறக்குமாயின், அதனினும் சிறந்த தொண்டு வேறில்லை.