சிறுதேரும் மலைச்சரிவும்

குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களுள் தேருக்கு நம் முன்னோர் அளித்த சிறப்புப் பெரிது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியில் வைத்து எண்ணப்படுவது சிறுதேர்ப் பருவம். தச்சன் செய்து கொடுத்த சிறிய தேரில் ஏறிச் செல்ல இயலாவிடினும், அதனைக் கையால் இழுத்தே மகிழும் சிறுவரைக் குறுந்தொகையிலே தும்பிசேர் கீரனார் காட்டுகின்றார். பட்டினப்பாலையிலே கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் சிறுதேருக்குக் குதிரை இல்லை, சில்லுகளும் மூன்றே. காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் உலரும் உணவைக் கவர வந்த கோழியை விரட்ட மகளிர் எறிந்த காதணி, சிறுவர் உருட்டிவரும் அத்தேரின் வழியை மறித்துக் கிடக்குமாம். நகரின் செல்வத்தைச் சொல்ல வந்த புலவர், சிறுவரின் விளையாட்டையும் உடன் வைத்து நம் கண்முன் நிறுத்திவிட்டார்.

இச்சிறுதேர்களை எல்லாம் ஓடச் செய்தது சிறுவரின் கை. கையின் இழுப்புமின்றித் தானே ஓடும் சிறுதேர் ஒன்றும் உண்டு. அதனை இழுப்பது பூமி. அத்தகைய தேரைச் சாரணச் சிறுவர்க்கு உரிய பந்தயமாக ஆக்கியவர் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மன்ஹாட்டன் பீச் என்னும் ஊரினரான டொன் மேர்பி என்பார். விமானங்கள் செய்யும் நிறுவனமொன்றிற் பணிபுரிந்தவர் அவர். சிறுவர் தாமே செய்த வண்டியில் அமர்ந்து சரிவில் ஓட்டும் ‘சோப் பொக்ஸ் டேர்பி’ என்னும் பந்தயம் 1930கள் தொட்டு அந்நாட்டில் நடந்து வந்தது. மேர்பியின் மகனுக்கோ அப்போது வயது பத்து. அப்பந்தயத்திற் சேரும் வயதை அவன் எய்தவில்லை. எனவே, ஏறி அமர வேண்டாத, கையளவான மரத்தேரை அவர் எண்ணினார். 1953ஆம் ஆண்டு மே மாதம், தம் ஊர்க் குருளைச் சாரணரைக் கொண்டு முதற் பந்தயத்தை நடத்தினார். ‘பைன்வுட் டேர்பி’ எனப் பெயர்பெற்ற இது, சில ஆண்டுகளிலேயே அந்நாடு முழுவதும் பரவியது.

இத்தேருக்கு வேண்டிய பொருள் மிகக் குறைவு. ஏழு அங்குல நீளமுள்ள பைன் மரத்துண்டு ஒன்று, சில்லு நான்கு, அச்சாக நின்று அவற்றைத் தாங்கும் ஆணி நான்கு. தேரின் நிறை ஐந்து அவுன்ஸுக்கு, அதாவது ஏறத்தாழ 142 கிராமுக்கு, மேற்படலாகாது. இயந்திரம் கூடாது; சுருள்வில் கூடாது; கையாற் தள்ளுதலும் கூடாது. சரிந்த பலகைப் பாதையின் உச்சியில் தேர்களை வரிசையாக நிறுத்தித் தடுப்பை விலக்கினால், அவை தாமே உருண்டு சமதரைப் பகுதியை அடைந்து எல்லைக்கோட்டைத் தாண்டும்.

பூமி எல்லாத் தேரையும் ஒரே விதமாக இழுக்குமாயின், ஒன்று மற்றொன்றை முந்துவது எங்ஙனம்? ஒரு மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும் தேர், தடையேதும் இல்லையெனில், பாரமாயினும் இலேசாயினும், அடிவாரத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 4.4 மீற்றர் வேகத்தைப் பெறும். சரிவு தரும் கொடை எல்லோர்க்கும் சமம். அக்கொடையை வழியில் இழப்பதிலேதான் வேறுபாடு தோன்றுகின்றது. குறைவாக இழப்பவன் வெல்லுகின்றான். இவ்வொரு கருத்தை மனங்கொண்டால், தேரைச் செப்பம் செய்யும் முறை முழுவதும் விளங்கிவிடும்.

முதற்கண் ஆணியை நோக்குக. கடையிலே வாங்கிய ஆணியின் தலைக்கீழே, அதனை அடித்தெடுத்த இயந்திரம் விட்ட மெல்லிய விளிம்புகள் இருக்கும். சில்லு சுழலுந்தோறும் அவ்விளிம்பு அதனை உரசி வேகத்தை உண்ணும். அவ்விடத்தை அரத்தால் தேய்த்து, நுண்ணிய அரத்தாளால் மழுப்பி, துணியால் துடைத்துப் பளபளப்பாக்குதல் வேண்டும். எண்ணெய் இடுதல் நன்றன்று. அது தூசியைச் சேர்த்துப் பசைபோலாகிவிடும். இங்கு உதவுவது பென்சிற்கரியின் உலர்ந்த தூள். போகல, கஹட்டகஹ முதலிய சுரங்கங்களிலிருந்து அகழப்படும் இலங்கைப் பென்சிற்கரி, தூய்மையால் உலகப் புகழ் பெற்றது. எழுதுகோலின் நடுத்தண்டையும் தூளாக்கலாமெனினும், அதிலே களிமண் கலந்திருத்தலின் பயன் சிறிது குறையும்.

அடுத்துச் சில்லுகளின் நேர்மை. சமதரையில் நீண்ட பலகை ஒன்றை இட்டு, அதன்மீது நேர்கோடு வரைந்து, தேரை மெல்ல உருட்டிப் பார்க்க வேண்டும். தேர் கோட்டைவிட்டு ஒருபுறம் ஒதுங்குமாயின், ஆணி ஒன்று கோணலாக ஏறியுளது என்பது தெளிவு. கோணலான தேர் பாதையின் ஓரத்தில் இடித்து இடித்தே தன் வேகத்தை இழக்கும்.

மூன்றாவது நிறை. நிறை மிகுந்தால் இறங்கும் வேகம் மிகும் என்று பலர் எண்ணுவர். உண்மை வேறு: காற்றின் தடை பாரமான தேரை அத்துணை எளிதில் தளர்த்தாது என்பதே நிறையினால் வரும் நன்மை. ஆதலின் அனுமதித்த எல்லைவரை நிறையை ஏற்றுவர். அதனைத் தேரின் பின்புறத்தே, பின் அச்சுக்குச் சற்று முன்னாக வைத்தல் சிறந்தது. தேர் சரிவில் நிற்கும்போது பின்புறமே உயரத்தில் இருக்கின்றது. அங்குள்ள பாரம் சற்றுக் கூடிய உயரத்திலிருந்து இறங்குகின்றது. அளவு மீறிப் பின்னே வைத்தாலோ முன்சில்லுகள் பிடிப்பிழந்து தேர் தள்ளாடும். பாரத்திற்கு ஈயம் வேண்டா, அது நஞ்சு. பழைய இரும்பு நட்டுகளே போதும்.

நான்காவதாக ஒரு நுட்பம் உண்டு. போட்டி விதி இடந்தருமாயின், முன்சில்லு ஒன்றைத் தரையிற் படாதவாறு சிறிது உயர்த்திவிடுவர். சுழற்ற வேண்டிய சில்லு ஒன்று குறைந்தால், அதற்குச் செலவாகும் சக்தியும் மிஞ்சும். மூன்று சில்லுகளால் ஓடும் அத்தேரைக் காணும் தமிழர்க்கு உருத்திரங்கண்ணனாரின் சிறுதேர் நினைவில் வருதல் இயல்பே. புலவர் இயந்திரவியல் பாடினார் என்று நாம் வாதிட வேண்டா. இனிய ஒற்றுமை என்று மகிழ்ந்தமைவோம்.

இனி, இதனை ஊவா மாகாணத்து வாசகர்க்குச் சொல்ல வந்த காரணம் யாது? சரிவு நமக்குப் புதிதன்று. பட்டிப்பொலைக்கு அருகே ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தைத் தொட்டு அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை வழியாக இறங்கும் புகையிரதப் பாதை, 1924இல் எட்டிய பதுளை 700 மீற்றருக்கும் தாழ்ந்த இடத்தில் உளது. முன்னாளில் தோட்டங்கள் பலவற்றில், மலைமேற் கொய்த கொழுந்தை மூட்டையாகக் கட்டி இரும்புக் கம்பி வழியே தொழிற்சாலைக்கு இறக்கினர். அங்கும் இழுத்தது பூமியே. நம் மக்களோ பிரம்புக் கூடை சுமந்து அச்சரிவுகளில் ஏறியும் இறங்கியும் தலைமுறைகளைக் கழித்தனர். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, சரிவு எத்துணைக் கொடிதாகும் என்பதையும் கண்டோம். அச்சரிவே நம் சிறுவர்க்கு ஆசானாகவும் அமையும் என்பதே இங்கு சொல்ல விழைவது.

பழைய பேரிங்குகளைப் பலகையிற் பூட்டி, அதன்மீது அமர்ந்து தோட்டப் பாதையில் உருளும் சிறுவரை நாம் காண்கின்றோம். அவர்களிடம் ஆர்வமும் கைத்திறனும் உள்ளன. ஆனால் வளைவில் எதிரே லொறி வந்தால் உயிருக்கு ஆபத்து. அந்த ஆர்வத்தையே வகுப்பறைப் பலகைமேல் ஓடும் சிறுதேருக்குத் திருப்பினால், ஆபத்து நீங்கும், அறிவு வளரும். 1912இல் மாத்தளையிலே தொடங்கிய இலங்கைச் சாரணீயம், கையாற் செய்து கற்றலையே தன் வழியாகக் கொண்டது. சாரணர் அணி இல்லாத தோட்டப் பாடசாலையிலும் இதனைச் செய்யத் தடையில்லை.

தடை வேறிடத்தில் உளது. தோட்டத் தந்தை ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு: “நாங்க கவ்வாத்துக் கத்தி புடிச்சது போதாதுங்களா ஐயா? எம் பையன் கையிலயும் உளியக் குடுக்கறீங்களே?” இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடலாகாது. கை உழைப்பினால் மதிப்பையும் நிறைந்த கூலியையும் பெறாத ஒரு சமுதாயம், தன் பிள்ளையின் கையிற் கருவியைக் காண அஞ்சுதல் நியாயமே. அவருக்கு யான் சொன்ன விடை இது: கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தவர்க்கு எங்கே வெட்டுவது என்று பிறர் கட்டளையிட்டனர், இவ்வுளியைப் பிடிப்பவன் ஏன் வெட்டுகின்றோம் என்று தானே ஆராய்கின்றான். ஆணியின் விளிம்பை மழுப்பி, தேர் முந்துவதைக் கண்ட சிறுவனுக்கு, உராய்வு என்னும் பாடம் பரீட்சைக்காக மனனம் செய்யும் சொல்லாக இராது. பொறியியலாளனும் இவ்வாறே தொடங்குகின்றான்.

ஆதலின் ஒரு விதியை மட்டும் உறுதியாகக் கைக்கொள்ளல் வேண்டும்: தேரைப் பிள்ளையே செய்ய வேண்டும். இப்பந்தயம் நடக்கும் நாடுகளில், மகனின் பெயரால் தந்தையே தேர் செய்யும் குறை நெடுநாளாகப் பேசப்படுகின்றது. விலைக்கு வாங்கிய பாகங்களும் மெருகும் வெற்றி பெற்றால், கைப்பொருள் இல்லாதவனின் பிள்ளை அங்கேயே தோற்றுவிடுகின்றான். பட்டினத்துச் சிறுவனின் தேரை மறித்தது பொற்குழை. நம் சிறுவனின் தேரை வறுமை மறிக்கலாகாது. எனவே, மரமும் ஆணியும் சில்லும் எல்லோர்க்கும் ஒன்றாகப் பாடசாலையே கொடுத்து, வேலையைப் பாடசாலையிலேயே செய்வித்தல் நன்று. அறுக்கும் வேலையில் மட்டும் பெரியவர் கை உதவலாம். பிள்ளைத்தமிழ் சிறுதேரை ஆண்பிள்ளைக்கே உரியதாக வைத்தது. நாம் பெண்மக்களையும் சேர்த்துக்கொள்வோம்.

வேண்டுவன சில. நீண்ட பலகை இரண்டு; அவற்றின் நடுவே தேரை வழிப்படுத்தும் மெல்லிய சட்டம்; ஒரு முனையைத் தாங்க மேசை. சரிவு தரையைச் சேருமிடம் மடிப்பாக இராது, வளைவாக இருத்தல் வேண்டும். மரத்திற்கும் குறையில்லை, பதுளை, பண்டாரவளைக் குன்றுகளில் நட்டு வளர்த்த பைன் மரங்கள் நிற்கின்றன. பலகைத் தொழிற்கூடத்தில் எஞ்சிய மரத்துண்டுகளைக் கேட்டுப் பெறலாம். பந்தயம் முடிந்ததும் ஆசிரியர் பரிசு வழங்கி அமைந்துவிடாது, முந்திய தேரையும் பிந்திய தேரையும் பக்கத்திற் பக்கமாக வைத்து, “இஃது ஏன் முந்தியது?” என்று கேட்க வேண்டும். விடையைத் தாம் கூறாமல், பிள்ளைகள் சில்லைச் சுழற்றிப் பார்த்துச் சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும்.