மவுசு குறையாத மவுஸ்

கம்ப்யூட்டர் வாங்கப் போகும்போது பிராசஸர் என்ன, மெமரி எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்கிறோம். மவுஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது மக்கர் செய்யும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

மவுஸின் தந்தை அமெரிக்கரான டக்ளஸ் எங்கெல்பார்ட். 1964-இல் அவருடைய சகா பில் இங்கிலீஷ் செய்து கொடுத்த முதல் மவுஸ், அடியில் இரண்டு சக்கரங்கள் கொண்ட ஒரு மரப்பெட்டிதான். 1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் அதை உலகுக்குக் காட்டினார்கள். பின்பு ரப்பர் பந்து உருளும் மவுஸ் வந்தது. அந்தப் பந்தைக் கழற்றி, உள்ளே படிந்த அழுக்கை நகத்தால் சுரண்டியது நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். இன்று பந்து இல்லை. ஒளியும் ஒரு சிறிய கேமராவும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் வியாதிகள் மட்டும் ஒழியவில்லை.

முதலில் நோயாளி யார் என்று கண்டுபிடியுங்கள். மவுஸை வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் குற்றம் மவுஸின் மேல் இல்லை.

அம்புக்குறி நடுங்குகிறதா, தாவுகிறதா? மேஜையைப் பாருங்கள். மவுஸ் தனக்குக் கீழே உள்ள பரப்பை நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் படம் பிடித்து, முன்படத்தோடு ஒப்பிட்டுத்தான் நகர்வை அறிகிறது. கண்ணாடி மேஜையில் ஒப்பிட அடையாளமே இருக்காது. ஒரு வெள்ளைத்தாளை விரித்தாலே சரியாகிவிடும். அடியிலுள்ள துளையில் ஒற்றை முடி சிக்கியிருந்தாலும் இதே தொல்லைதான். காது குடையும் பட்ஸால் மெல்லத் துடைத்தால் போதும்.

ஒயர் இல்லாத மவுஸ் விட்டு விட்டு வேலை செய்தால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். அப்படியும் தீராவிட்டால் ரிசீவரை வேறு இடத்தில் செருகுங்கள். வேகமான யுஎஸ்பி 3.0 இணைப்புகள் (பெரும்பாலும் உட்புறம் நீலமாக இருக்கும்) மவுஸ் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்புகின்றன. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது.

ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுத்தியதாக எடுத்துக்கொள்வதுதான் பொல்லாத வியாதி. பொத்தானின் கீழே உள்ள சின்னஞ்சிறு சுவிட்சில் ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. லட்சக்கணக்கான அழுத்தங்களில் அது தேய்ந்தோ கறுத்தோ போனால் இப்படி ஆகும். கம்ப்யூட்டரில் செட்டிங்கை மாற்றிப் பயனில்லை; சுவிட்சையே மாற்ற வேண்டும். மூன்று கால்களைச் சால்டரிங் செய்யத் தெரிந்த மொபைல் ரிப்பேர்க்காரர் யாரும் இதைச் செய்வார். விலை உயர்ந்த மவுஸ் என்றால் இது லாபம். மலிவானது என்றால் கூலியே புது மவுஸின் விலையைத் தாண்டிவிடும்.

ஒயரை ஒரு கோணத்தில் பிடித்தால் மட்டும் வேலை செய்கிறதா? உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. ஒயரை மவுஸைச் சுற்றி இறுக்கிக் கட்டிவைக்கும் பழக்கம்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

புதிதாக வாங்குவதென்றால், சென்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட் போல நமக்குச் செகந்திராபாத் பார்க்லேனில் செனாய் டிரேட் சென்டர் இருக்கிறது. அங்கே போய்க் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். குழந்தைகளின் சிறிய கைக்குப் பெரிய மவுஸ் வலியைத்தான் தரும். வாரண்டிக்குப் பில் அவசியம். பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.

கடைசியாக, பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார் செய்யும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தெலங்கானா இஏபிசெட் (முன்பு எம்செட்) 2018 முதலும், ஜேஇஇ மெயின் 2019 முதலும் கம்ப்யூட்டரில் நடக்கின்றன. ஜேஇஇ-யில் எண்களைக்கூட மவுஸால் அழுத்தித்தான் பதிக்க வேண்டும், கீபோர்டைத் தொடக்கூடாது. அங்கே மவுஸ்தான் பேனா. அது கோளாறு செய்தால் உடனே வேறு கம்ப்யூட்டர் தரப்படும், இழந்த நேரமும் ஈடு செய்யப்படும் என்று தேர்வு விதிகளிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகளோ கூச்சப்பட்டு, தட்டித் தட்டிப் பார்த்து நிமிடங்களைத் தொலைக்கிறார்கள். முதல் நிமிடத்திலேயே மவுஸை நகர்த்திப் பார்க்கவும், சந்தேகம் வந்தால் தயங்காமல் கையை உயர்த்தவும் வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள்.