கலம் கரையும் விளக்கு

சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலோரத்தில் அமைந்துள்ள சிறுநகரம் மாமல்லபுரம். ஆழ்வார்கள் இதனைக் கடல்மல்லை என்று பாடினர். ஒற்றைக்கல் தேர்களையும் கடற்கரைக் கோயிலையும் காண நாள்தோறும் பல நாட்டவர் இங்கு வருகின்றனர். பகலில் அவர்கள் கண்ணைக் கவர்வன சிற்பங்கள். இருள் சூழ்ந்தபின், கடலில் இருப்போர் கண்கள் தேடுவதோ வேறொன்றை. குன்றின்மேல் நிற்கும் கலங்கரை விளக்கமே அது.

சொல்லின் பொருள்

‘கலங்கரை விளக்கம்’ என்பது பழந்தமிழ்ச் சொல். சிலப்பதிகாரத்தில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. கலம் என்றால் கப்பல். கரை என்றவுடன் கடற்கரை என்றே பலரும் எண்ணுவர். ஆனால், ‘கரைதல்’ என்னும் வினைக்கு அழைத்தல் என்ற பொருளும் உண்டு. காகம் கரைகிறது என்று இன்றும் கூறுகிறோம் அல்லவா? எனவே, கலங்களைக் கரைந்து அழைக்கும் விளக்கே கலங்கரை விளக்கம். ‘இங்கே வருக, இதுவே துறை’ என்று ஒளியால் அழைப்பது என்பது இதன் கருத்து.

இலக்கியச் சான்று

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. இதனை இயற்றியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் போற்றும் இந்நூலில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் வருணிக்கப்படுகிறது. அங்கே ஏணி சாத்தி ஏறவேண்டிய உயர்ந்த மாடம் ஒன்று இருந்தது. அதற்குக் கூரை வேயப்படவில்லை. இரவில் அதன் உச்சியில் தீ மூட்டினர். கடலில் செல்லும் கலங்களை அத்தீயின் ஒளி துறைக்கு அழைத்தது. நீர்ப்பெயற்று என்பது மாமல்லபுரமே என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். வேறு ஊர் என்பாரும் உளர். எவ்வாறாயினும், கடலில் செல்வோருக்காகக் கரையில் ஒருவர் விழித்திருந்து தீயைக் காத்தார் என்பதை இப்பாடல் நமக்கு உணர்த்துகிறது.

குன்றின்மேல் இரு கட்டடங்கள்

மாமல்லபுரக் குன்றின்மேல் பல்லவர் காலத்துக் கற்கோயில் ஒன்று உள்ளது. அதன் பெயர் ஒலக்கணேசுவரர் கோயில். அதற்குக் கீழே, பாறையைக் குடைந்து அமைத்த மகிடாசுரமர்த்தினி குகை இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1887ஆம் ஆண்டில், இக்கோயிலின் உச்சியில் கப்பல்களுக்கான விளக்கு பொருத்தப்பட்டது. பின்னர் அருகிலேயே கருங்கல்லால் வட்டவடிவக் கோபுரம் ஒன்று எழுப்பப்பட்டது. அக்கோபுரம் 1904 முதல் முழுமையாக இயங்கி வருகிறது. இடையில் சில ஆண்டுகள் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டிருந்த கோபுரம், 2011இல் மீண்டும் திறக்கப்பட்டது. சுழற்படிகளில் ஏறி மேலே சென்றால், ஒருபுறம் கடலும் மறுபுறம் ஊரும் பாறைகளும் பரந்து தோன்றும்.

உயரம் எதற்கு?

பூமி உருண்டையானது. எனவே, தொலைவிலுள்ள பொருள்கள் கடலின் வளைவுக்குக் கீழே மறைந்துவிடுகின்றன. கடற்கரை மணலில் நிற்பவருக்குச் சுமார் 4 கிலோமீட்டர் வரையிலான கடற்பரப்பே தெரியும். 30 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கோ ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வரை தெரியும். விளக்கின் ஒளிக்கும் இதே விதி பொருந்தும். இதனாலேயே குன்றின்மீதும் கோபுரத்தின் உச்சியிலும் விளக்கை வைத்தனர்.

மேலும், எல்லாக் கலங்கரை விளக்கங்களும் ஒரேவிதமாக ஒளிர்வதில்லை. ஒவ்வொன்றும் தனக்குரிய கால இடைவெளியில் மின்னும். அந்த இடைவெளியைக் கணக்கிட்டு, இது எந்த ஊர் விளக்கு என்பதை மாலுமிகள் அறிந்துகொள்வர். ஒளியே ஊரின் பெயரைக் கூறுகிறது எனலாம். இன்று செயற்கைக்கோள்கள் வழிகாட்டுகின்றன. ஆயினும், கருவி பழுதுபட்ட இரவில் சிறுபடகில் இருக்கும் மீனவருக்குக் கண்ணால் காணும் விளக்கே துணை.

கடல் தருவதும் கொள்வதும்

மாமல்லபுரம் பல்லவர்களின் துறைமுகமாக விளங்கியது. வணிகம் குறைந்தபின் துறைமுகம் மறைந்தது. கடலும் சிறிது சிறிதாகக் கரையை அரித்தது. கடற்கரைக் கோயிலை அலைகளிலிருந்து காப்பதற்காக இன்று பெரும்பாறைகள் அரணாக இடப்பட்டுள்ளன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. மீனவர் பலர் வீடுகளையும் படகுகளையும் வலைகளையும் இழந்தனர். அதே அலை மணலை வாரிச் சென்றதால், புதைந்திருந்த பழஞ்சிற்பங்கள் சில வெளிப்பட்டன. அவற்றைத் தொல்லியல் துறையினர் ஆராய்ந்தனர்.

துறைமுகம் மறைந்தாலும் உளியோசை நிற்கவில்லை. சிற்பக்கலையைக் கற்பிக்க 1957இல் இங்கு அரசு பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. அது பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. விடியற்காலையில் மீனவர் கடலிலிருந்து திரும்புகின்றனர். சிற்பிகள் பட்டறைகளில் உளியை எடுக்கின்றனர். ஊர் தன் தொழில்களைக் கைவிடவில்லை.

கலங்கரை விளக்கம் எந்தக் கலத்தையும் இழுத்து வருவதில்லை. புயலைத் தடுப்பதும் இல்லை. தான் இருக்கும் இடத்திலேயே நின்று, நாள் தவறாமல் ஒளிர்வது மட்டுமே அதன் பணி. தொலைவில் இருப்பவர் தம் இடத்தை அறிந்துகொள்ள அதுவே போதுமானது. ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வாழ்வோருக்குத் தாய்மொழியும் அத்தகைய விளக்கே.

சிந்தித்து எழுதுக

1. ‘கலங்கரை விளக்கம்’ என்னும் சொல்லைப் பிரித்துப் பொருள் எழுதுக.
2. விளக்கை உயரமான இடத்தில் அமைப்பதற்குரிய காரணத்தை விளக்குக.
3. கடல் மாமல்லபுரத்திற்குத் தந்தவை, அதனிடமிருந்து கொண்டவை ஆகியவற்றைத் தொகுத்து எழுதுக.
4. உம் பெற்றோரின் சொந்த ஊரில் தொலைவிலிருந்தே தெரியும் அடையாளம் எது? வீட்டில் கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.