வைரம் சூட்டைக் கடத்தும், கரன்ட்டைக் கடத்தாது
பொருளின் குணம் – 9

நகைக்கடைகளில் வைரத்தைச் சோதிக்க ஒரு சின்னக் கருவி வைத்திருப்பார்கள். கொஞ்சம் தடித்த பேனா மாதிரி இருக்கும். நுனியில் மெல்லிய தாமிர ஊசி. சுவிட்சைப் போட்டதும் ஊசி லேசாகச் சூடாகும். அதைக் கல்லின் மேல் வைத்தால், ஊசியின் சூடு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று கருவி அளக்கும். அமெரிக்கன் டைமண்டில் வைத்தால் சூடு அதிகம் இறங்காது. கருவி பேசாமல் இருக்கும். வைரமென்றால் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். விளக்குகள் எரிந்து ‘பீப்’ என்று சத்தம் வரும். ஊசி விலகிப்போய், கல்லைப் பிடித்திருக்கும் தங்கத்தில் பட்டுவிட்டால்? தங்கமும் சூட்டை நன்றாக இழுக்கும். ஆனால் அதற்கென்று வேறொரு சத்தம் வைத்திருக்கிறார்கள். சோதிப்பவரின் ஒரு கை விரல்கள் நகையின் தங்கத்தைப் பிடித்திருக்கின்றன, மறு கை கருவியைப் பிடித்திருக்கிறது, நடுவில் உடம்பு. நமக்குத் தெரியாத அளவு மின்சாரம் அதன் வழியே ஓடி, சுற்று பூர்த்தியாகி, அந்தச் சத்தம் வரும்.

ஆக, அந்தப் பேனா கேட்பது இரண்டே கேள்வி: சூட்டைக் கடத்துவாயா, கரன்ட்டைக் கடத்துவாயா? அமெரிக்கன் டைமண்ட் இரண்டுக்கும் கையை விரிக்கிறது. தங்கம் இரண்டுக்கும் ஆமாம் என்கிறது. வைரம் ஒன்றுக்கு ஆமாம், மற்றதற்கு இல்லை. இந்த மூன்றாவது பதிலில்தான் விஷயம் இருக்கிறது.

தங்கத்தை முதலில் முடித்துவிடலாம். உலோக அணுக்கள் சேர்ந்து கட்டியாகும்போது ஒவ்வொன்றும் தன் வெளிவட்ட எலக்ட்ரானைப் பொதுவில் விட்டுவிடுகிறது. அந்த எலக்ட்ரான்கள் கட்டி முழுக்கத் திரியும். பேட்டரியை இணைத்தால் அவை ஒரு பக்கமாக நகரும், அதுதான் கரன்ட். ஒரு முனையைச் சூடாக்கினால், அதே எலக்ட்ரான்கள் அந்த ஆற்றலை மறுமுனைக்குக் கொண்டுபோகும். சுமை வேறு, ஆள் ஒன்று. வெள்ளி, தாமிரம், தங்கம், அலுமினியம் என்ற வரிசை இரண்டிலும் மாறாமல் வருவது அதனால்தான். 1853-இல் குஸ்தாவ் வீடெமன், ருடால்ஃப் ஃபிரான்ஸ் என்ற இரு ஜெர்மானியர்கள், ஒரே வெப்பநிலையில் எந்த உலோகத்தை எடுத்தாலும் இந்த இரு திறன்களின் விகிதம் ஏறக்குறைய ஒன்றே என்று கண்டுபிடித்தார்கள். எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே தெரியாத காலம் அது. 1900-இல் பால் ட்ரூட, எலக்ட்ரான்களை வாயு மூலக்கூறுகளாகப் பாவித்து அந்த விகிதத்தைக் கணக்குப் போட்டார். விடை அளவீட்டோடு அழகாகப் பொருந்தியது. பொருந்தியதற்கு ஒரு காரணம், அவர் கணக்கில் நுழைந்துவிட்ட இரண்டு மடங்குப் பிழை! இவ்வளவு உதவிகரமான பிழை இயற்பியலில் அபூர்வம்.

சரி, திரிகிற எலக்ட்ரானைத் தடுப்பது எது? வழியில் உள்ள அணுக்களில் முட்டிமோதுகிறது என்றுதான் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கிறார்கள்; ட்ரூடவும் அப்படித்தான் நினைத்தார். அது சரியில்லை. எலக்ட்ரான் அலையாகவும் நடந்துகொள்ளும். அணுக்கள் பிசகில்லாத வரிசையில் நின்றால், அந்த அலை தடையே இல்லாமல் அவற்றினூடே போய்விடும் என்று 1928-இல் ஃபெலிக்ஸ் பிளாக் காட்டினார். அப்போது அவர் ஆராய்ச்சி மாணவர். அணு தடையில்லை, வரிசை குலைவதுதான் தடை. சாதாரண வெப்பநிலையில், தாமிரத்தில் ஓர் எலக்ட்ரான் நூறு அணுக்களுக்கு மேல் தாண்டித்தான் ஒருமுறை திசை மாறுகிறது. அப்படி மாற்றுவது ஒன்று அணுக்களின் வெப்ப நடுக்கம். இல்லையென்றால் நடுவே வந்து உட்கார்ந்த வேற்று அணு.

வேற்று அணு செய்யும் வேலை லேசானதல்ல. வெள்ளி, தங்கத்தைவிட நல்ல கடத்தி. இரண்டையும் பாதிக்குப் பாதி உருக்கிக் கலந்தால் நடுத்தரமான ஒன்று கிடைக்க வேண்டுமல்லவா? கிடைப்பதோ தூய தங்கத்தைவிட நாலு மடங்குக்கு மேல் தடையுள்ள உலோகம். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு வந்த தாமிரத்தின் கடத்தும் திறன் சரக்குக்குச் சரக்கு வேறுபடுவதை 1857-இல் வில்லியம் தாம்சன் அளந்து காட்டினார். பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர். ஆயிரத்தில் அரைப் பங்குகூட இல்லாத பாஸ்பரஸ், தாமிரத்தின் திறனில் கால்வாசி வரை தின்றுவிடும். வயர் விற்கிறவர் ‘ப்யூர் காப்பர்’ என்று அழுத்திச் சொல்வது வெறும் வியாபாரப் பேச்சு இல்லை.

வைரத்தின் கதை வேறு. கரி அணுவின் வெளிவட்டத்தில் நாலு எலக்ட்ரான். நாலும் பக்கத்து நாலு அணுக்களோடு பிணைப்பில் மாட்டிக்கொண்டவை. ஒன்றைப் பிய்த்தெடுக்க 5.5 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும்; அறையின் சூடு தருவதோ 0.025 அளவுதான். கண்ணுக்குத் தெரிகிற ஒளியிடம்கூட மூன்று சொச்சத்துக்கு மேல் கிடையாது. அதனால் ஒளி எதிலும் சிக்காமல் வைரத்தைக் கடந்துவிடுகிறது. வைரம் தெளிவாக இருப்பதும், கரன்ட்டைக் கடத்தாததும் ஒரே காரணத்தால்.

பிறகு சூட்டைச் சுமப்பது யார்? அணுக்களேதான். ஓர் அணு நடுங்கினால், பிணைப்பின் வழியே அடுத்ததும் நடுங்கும். நடுக்கம் அலையாகப் பரவும். கரி அணு லேசானது, பிணைப்போ படு இறுக்கம். முறுக்கேற்றிய தம்பூராத் தந்தியில் போல அலை விர்ரென்று ஓடும். வெப்பம் கடத்தும் திறனில் அமெரிக்கன் டைமண்டுக்கு எண் இரண்டு, மூன்று, தாமிரத்துக்கு 400, வைரத்துக்கு 2,000-க்கு மேல். கருவி இல்லாத நாளில், கல்லின் மேல் வாயால் ஊதிப் பார்ப்பார்கள். படிந்த ஆவி உடனே மறைந்தால் வைரம். இங்கேயும் வரிசைக் குலைவுதான் எதிரி. இயற்கைக் கரியில் நூற்றுக்கு ஓர் அணுவில் ஒரு நியூட்ரான் கூடுதலாக இருக்கும். அவற்றையும் பெரும்பாலும் நீக்கிவிட்டுச் செய்த செயற்கை வைரம், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தியது என்று 1990-இல் அளந்தார்கள்.

அணு நடுக்கம் என்ற இந்த இரண்டாவது வழியால் இன்னொன்றும் நடக்கிறது. கரன்ட் ஓட, நடமாடும் மின்னூட்டம் வேண்டும்; இல்லையென்றால் கதவடைப்புதான். ஆனால் நடுங்காத அணு என்று உலகத்தில் ஒன்று இல்லை. தாமிரத்துக்கும் கண்ணாடிக்கும் மின்தடையில் உள்ள வித்தியாசத்தை எழுத, ஒன்றுக்குப் பின்னால் இருபது சைபர் அளவுக்குப் போடவேண்டியிருக்கும். சூட்டில் அதே இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் நானூறு மடங்குதான். வீட்டு வயரில் கரன்ட்டை அடைக்க ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உறை போதும். சூட்டை அப்படி அடைக்கும் பொருள் கிடையாது, தாமதப்படுத்தத்தான் முடியும். ஃபிளாஸ்க்கின் இரு சுவர்களுக்கு நடுவே எந்தப் பொருளும் வேண்டாமென்று காற்றையும் உறிஞ்சி எடுத்தது அதனால்தான்.

1990-களின் கடைசியில் மொய்சனைட் என்ற கல் நகைச் சந்தைக்கு வந்தபோது பேனா ஏமாந்தது. சிலிக்கான் கார்பைடு, அதுவும் லேசான அணு, இறுக்கமான பிணைப்பு. சூட்டைக் கடத்துவதில் தாமிரத்துக்குப் பக்கத்தில் வரும். ஊசியை வைத்தால் வைரம் என்றே சொல்லும். வியாபாரிகளுக்குக் கைகொடுத்தது மறுபடியும் கரன்ட்தான். மொய்சனைட்டில் பெரும்பாலும் கொஞ்சம் கரன்ட் கசியும், வைரத்தில் கசியாது. பிறகு வந்த கருவிகள் அந்தக் கசிவையும் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்கின்றன.

அந்தக் கருவியையும் தடுமாற வைப்பது நீல வைரம். கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர் சுரங்கத்தில் கிடைத்ததாகக் கருதப்படும் ஹோப் வைரம் இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு நீல நிறம் கொடுத்தது போரான்; பத்து லட்சம் அணுக்களுக்கு ஓரிரண்டு என்ற கணக்கில்தான் அது இருக்கிறது. போரானுக்கு வெளிவட்டத்தில் மூன்றே எலக்ட்ரான். நாலாவது பிணைப்பில் ஒரு காலியிடம் விழும். பக்கத்து எலக்ட்ரான் அதில் வந்து உட்கார, காலியிடம் அந்தப் பக்கம் நகரும், கரன்ட் ஓடிவிடும். தாமிரத்தில் கடத்தலைக் கெடுத்த கலப்படம், வைரத்தில் கடத்தலை உண்டாக்குகிறது. இந்தக் கலப்படத்தையே அளந்து போட்டுச் செய்கிற தொழில்தான் சிலிக்கான் சிப் தொழில். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.