ஒழுங்கைகள் – 7: நாலு முறை வலப்பக்கம்

ஊரில் இதற்கு முழுவியளம் என்று பெயர். வெளிக்கிடும்போது எதிரே யார் வருகிறார்கள் என்று பார்ப்பது. நிறைகுடம் வந்தால் நல்லது, மஞ்சள் குங்குமத்தோடு ஒருத்தி வந்தால் நல்லது. என்னைப் போன்ற ஒருத்தி வந்தால் வீட்டுக்குள் திரும்பிப் போய், ஒரு மிடறு தண்ணீர் குடித்து, கொஞ்சநேரம் இருந்துவிட்டு மறுபடி வெளிக்கிட வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியம்மா இருந்தா. படலையைத் திறக்கமுன் ஆராவது பயணம் போகிறார்களா என்று வேலிக்குள்ளால் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவா. அதை அவவுடைய நல்ல குணம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அஜக்ஸில் வியாழக்கிழமைக் காலையில் நான் காரை எடுக்கும்போது எதிரே வருவது குப்பை லொறி. பிறகு கண்ணாடியைச் சரிசெய்ய நிமிர்ந்தால் என் முகம். இந்த முழுவியளத்தோடுதான் மூன்று வருஷமாகப் போய்வருகிறேன்.

போன கிழமை என் கணவரின் அந்தியேட்டி வரை எழுதியிருந்தேன். இந்தக் கிழமை கார்.

இருபத்திரண்டு வருஷம் நான் பக்கத்துச் சீற்றில் இருந்தவள். லைசென்ஸ் இருந்தது, முழு ஜி லைசென்ஸ். ஆனால் அது வங்கியில் அடையாளத்துக்கு நீட்டும் அட்டை. எனக்குக் கடைகள் தெரியும், கோயில்கள் தெரியும், ஸ்காபுரோவில் சொந்தக்காரரின் வீடுகள் எல்லாம் தெரியும். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகும் வழிதான் தெரியாது. அது இவருடைய தலைக்குள் இருந்தது, அவரோடு போய்விட்டது.

இவருக்கு 401 நெடுஞ்சாலை ஒன்றுதான் பாதை. பக்கத்தில் ஆயிரம் கார் ஓடவேண்டும், அப்போதுதான் மனம் ஆறும். ஒருநாள் கேட்டேன், வடக்கே வயல் பக்கமாக ஒருக்கால் போய்வந்தால் என்ன என்று. “சனமில்லாத றோட்டிலை ஏன் போவான்?” என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை, விளங்கியது. எங்கள் தலைமுறைக்கு வெறும் றோட்டு என்றால் ஊரடங்கு. அல்லது சுற்றிவளைப்பு, அல்லது கண்ணிவெடி. சந்தியில் சனம் இல்லை என்றால் ஏதோ நடந்துவிட்டது, இல்லாவிட்டால் நடக்கப்போகிறது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே ஓடவேண்டும். அந்தப் பயத்தை நாங்கள் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே எட்டு லேனுக்கு நடுவில் வைத்திருக்கிறோம். டூறம் பகுதியில் இத்தனை ஆயிரம் தமிழர் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ரோன்ரன் வீதிக்கு வடக்கே ஒரு தமிழ்முகத்தைக் காண்பது அரிது, ஸ்ட்ரோபெரி பிடுங்கும் காலம் தவிர.

கார் கார்த்திகையிலிருந்து சித்திரை வரை வாசலில் நின்றது. பற்றறி இறங்கி, முன்வீட்டு பிலிப்பினோக்காரர் வயர் கொடுத்து ஸ்ராட் பண்ணிவிட்டார். “கொஞ்சத் தூரம் ஓட்டு, பற்றறி ஏறட்டும்” என்றார். அவர் சொன்ன அந்தக் கொஞ்சத் தூரத்தில்தான் எல்லாம் தொடங்கியது. ரோன்ரனில் கிழக்கே போனவள், இடப்பக்கம் பச்சை லைற் விழுந்ததால் லேக் றிட்ஜ் வீதியில் வடக்கே திரும்பினேன். நினைத்துத் திரும்பியதல்ல. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

ஐந்து நிமிஷத்தில் வீடுகள் முடிந்தன. பத்து நிமிஷத்தில் என்னைத் தவிர வேறு கார் இல்லை. நெஞ்சு அடித்தது. நிறுத்தவும் பயம், திருப்பவும் பயம். நேரே போய்க்கொண்டே இருந்தேன். றோட்டு ஏறியது, ஓக் றிட்ஜஸ் மேடு என்று பிறகு அறிந்தேன். மேற்கே கலிடன் பக்கத்திலிருந்து கிழக்கே ரென்ற் ஆறு வரை 160 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும், பனிப்பாறை விட்டுப்போன மணல்மேடு. அதன் தெற்கில் விழும் மழை ஒன்ராறியோ ஏரிக்குப் போகும், வடக்கில் விழுவது சிம்கோ, ஸ்கியூகொக் ஏரிகளுக்கு. ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். தெற்கே, அடிவானத்தில், ஏரி ஒரு நீலக் கோடாகக் கிடந்தது. அதன் கரையில்தான் என் வீடு. ஏரி எங்கே என்று தெரிந்தால் வீடு எங்கே என்று தெரியும். இவ்வளவுதானா என்று இருந்தது.

அந்த வாரமே நூலகத்தில் வரைபடம் எடுத்தேன். இந்தப் பிரதேசத்தை 1790களில் ஆங்கிலேயர் சங்கிலி பிடித்து அளந்திருக்கிறார்கள். அந்தச் சங்கிலி 66 அடி. றோட்டுக்கு விட்ட அகலமும் ஒரு சங்கிலிதான். பிக்கறிங்கில் ஏரியிலிருந்து வடக்கே ஒன்றேகால் மைலுக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றருக்கு ஒன்றாகக் கிழக்கு மேற்காக ஒவ்வொரு கொன்செஷன் றோட்டு. ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது என்று இலக்கம் ஏறிக்கொண்டே போகும். அவற்றை வடக்கு தெற்காக வெட்டுவது சைட்லைன், அதற்கும் இலக்கம். பள்ளிக்கூடத்துச் சதுரக்கோட்டுக் கொப்பிதான். இதில் தொலைந்துபோக நினைத்தாலும் கஷ்டம். நாலு முறை வலப்பக்கம் திரும்பினால் வெளிக்கிட்ட சந்திக்கே வந்து நிற்பீர்கள். நடுவில் ஓர் ஆறு குறுக்கிட்டால் எட்டு முறை.

என் ஒழுங்கைகள் என்று இவற்றுக்குப் பெயர் வைத்தேன். வேலி இல்லை, பூவரசு இல்லை, ஆனாலும் அந்த அடக்கம் இருக்கிறது.

விதிகளும் வைத்துக்கொண்டேன். போக வர 120 கிலோமீற்றருக்குள். பெற்றோல் நிரப்பியிருக்க வேண்டும். பிளாஸ்கில் தேத்தண்ணி, பாசலில் இடியப்பமோ புட்டோ. பின்னேரம் மகள் வேலையால் வரும்போது அடுப்பில் கறி இருக்கவேண்டும். இது அவள் கேட்டதல்ல, என் பாதுகாப்புக்கு நானே போட்டது. கறி கொதித்துக்கொண்டிருந்தால் எங்கே போனாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. போகும்போது ஜீபிஎஸ் கிடையாது. அந்தப் பெண்ணும் இவரைப் போலத்தான், இஞ்சை திரும்பு, அங்கை திரும்பு என்பாள். வரும்போது மட்டும் அவளுக்கு அனுமதி.

இரண்டாவது மாதமோ மூன்றாவது மாதமோ ஒரு சைட்லைனில் மாட்டினேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது, சரளைக்கல் றோட்டு. தொடக்கத்தில் ஒரு பலகை: பராமரிப்பு இல்லாத பாதை, உன் பொறுப்பில் போ என்ற மாதிரி. பார்த்தேன், போனேன். முந்நூறு மீற்றர் தாண்ட றோட்டு சேறாகி, அதற்கப்பால் தண்ணீர். இரண்டு பக்கமும் வாய்க்கால். திருப்ப இடமில்லை.

இதில் நான் ஒரு விஷயம் சொல்லவேண்டும். எனக்குப் பின்னுக்கு எடுக்கத் தெரியாது. பரீட்சைக்குப் பழகியது பரீட்சையோடு போயிற்று. “பின்னுக்கு எடுக்கிறதெண்டால் என்னைக் கூப்பிடு” என்று இவர் சொல்லி வைத்திருந்தார். வாசலில்கூட முகம் வெளியே பார்க்க நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வருவார். அவருக்குப் பிறகு மகனும் அப்படியே. அன்பினால்தான் செய்தார்கள், அதில் சந்தேகமில்லை.

கமராவில் சேறு. யன்னலைத் திறந்து தலையை வெளியே போட்டேன். இடது பின்சில்லைப் பார், புல்லின் ஓரத்தைப் பார், பிறேக்கை விடு, பிடி. இருபது அடிக்கு ஒருக்கால் நிறுத்தி இறங்கி, வலப்பக்கச் சில்லுக்கும் வாய்க்காலுக்கும் எவ்வளவு இடைவெளி என்று சப்பாத்தால் அளந்து பார்த்தேன். ஒருமுறை இரண்டு சப்பாத்து. ஒருமுறை அரைச் சப்பாத்து. கை நடுங்கவில்லை என்று எழுத ஆசைதான்; நடுங்கியது. சந்திக்கு வந்து சேர இருபத்தைந்து நிமிஷம். வந்ததும் முதல் வேலையாகத் தேத்தண்ணி குடித்தேன். அன்றிரவு காரை வாசலில் வீட்டைப் பார்க்க நிறுத்தினேன். மகள் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

நான் அடிக்கடி போவது பிரோம் ஊருக்கு வடக்கே. அங்கே ஒரு கதை கிடக்கிறது. 1972இல் கனடா மத்திய அரசு, விமான நிலையம் கட்டப்போகிறோம் என்று 18,600 ஏக்கரைக் குடியானவர்களிடமிருந்து எடுத்தது. தலைமுறையாக உழுதவர்கள் போனார்கள். விமான நிலையம் வரவில்லை. வீடுகள் வாடகைக்குப் போய், பிறகு வெறுமையாகி, ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. ஐம்பது வருஷத்துக்கு மேல் இழுபட்டு, 2025 ஜனவரியில்தான் அங்கே விமான நிலையம் இல்லை என்று அரசு அறிவித்தது. அறிவித்தவர் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் அனிதா ஆனந்த். தகப்பன் வழியில் தமிழர்.

விமான நிலையத்தின் பேரால் காணி போவது எங்களுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடமல்ல. இவருடைய ஊர் வலிகாமம் வடக்கு, பலாலிக்குக் கிட்ட. 1990 ஜூனில் வெளிக்கிட்டவர்கள். 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது தொலைக்காட்சியில் அந்த ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “எங்கடை கிணறு அந்தப் பக்கம்” என்றார். காணிகளில் ஒரு பகுதி இன்னும் விடப்படவில்லை. அவரும் போய்ப் பார்க்கவில்லை.

வைகாசிக் கடைசியில் அந்தப் பக்கம் போனால் வீடு இருந்த இடங்களை யாரும் காட்டத் தேவையில்லை. வெறும் வெளியில் திடீரென்று இரண்டு லைலக் பற்றைகள் ஊதாவாகப் பூத்து நிற்கும். ஆரோ ஒரு வீட்டுக்காரி வாசலின் இரண்டு பக்கமும் நட்டது. நடுவில் வாசல் இல்லை, படி இல்லை. மேப்பிள் மரங்கள் வரிசையாக ஓர் ஒற்றையடி வழிக்கு நிழல் கொடுக்கும், வழி ஓரிடமும் போகாது. முதல்முறை பார்த்தபோது இறங்கி நின்றேன். மல்லிகை மாதிரி இல்லை அந்த வாசம், கொஞ்சம் சவர்க்காரம் கலந்த இனிப்பு. ஒரு கொத்து முறித்துக்கொண்டு காருக்கு வந்த பிறகுதான், இதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். என் கைக்குப் பூ வந்து ஏழு மாதம். கடைசியில் காரின் கண்ணாடிக்குப் பின்னால் செருகினேன். வீடு வருமட்டும் வாசம் இருந்தது.

மகன் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தான். ரஷ் என்ற ரொறன்ரோ இசைக்குழுவில் டிரம் அடித்த நீல் பியர்ட் எழுதியது, 2002இல் வந்தது. 1997 ஓகஸ்டில் அவருடைய ஒரே மகள், பத்தொன்பது வயது, பல்கலைக்கழகத்துக்காக ரொறன்ரோவுக்கு வரும் வழியில் விபத்தில் இறந்தாள். நடந்தது பிறைற்றனுக்குக் கிட்ட, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தால் போகும் இதே 401இல். பத்து மாதத்தில் மனைவியும் புற்றுநோயில் போனாள். மனிதர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். பதினாலு மாதம், 88,000 கிலோமீற்றர், அலாஸ்கா தொடங்கி மெக்சிக்கோவுக்கும் அப்பால்.

படித்து அழுதேன், பொறாமையும் பட்டேன். ஓர் ஆண் பதினாலு மாதம் காணாமல் போனால் அது துக்கத்தைத் தாங்கும் வழி, புத்தகம் வரும். நான் ஆறு மணித்தியாலம் காணாமல் போனால் மச்சாள் மிசிசாகாவிலிருந்து போன் அடிப்பா. “தனியவோ போறாய்? ஆரும் கண்டால் என்ன நினைப்பினம்?” ஆரும் காணாத றோட்டு மச்சாள், அதுதான் அதன் சிறப்பு என்றேன். அவ சிரிக்கவில்லை.

அவவுக்குச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டவை இரண்டு. இந்த அஜக்ஸ் 1941க்கு முன் வெறும் பண்ணைநிலம். போருக்குக் குண்டு நிரப்பும் தொழிற்சாலை வந்து, கனடாவின் நாலு மூலையிலிருந்தும் பெண்கள் தனியே பெட்டியோடு வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்தார்கள். நாலு கோடிக்கு மேற்பட்ட குண்டுகளை நிரப்பிய தொழிற்சாலை அது. ஊருக்குப் பெயர் ஒரு போர்க்கப்பலிலிருந்து வந்தது, 1939இல் தென்னமெரிக்கக் கரையோரம் சண்டை பிடித்த கப்பல். தெருக்களுக்குக் கப்பல்காரரின் பெயர்கள். குண்டு நிரப்பிய பெண்களுக்குத் தெரு வைக்க அவ்வளவு அக்கறை காட்டியதாகத் தெரியவில்லை.

மற்றது, ஊர். வடக்கு கிழக்கில் போரில் கணவனை இழந்தவர்கள் 89,000 பேர் என்று 2010இல் இலங்கை அரசாங்கத்தின் பிரதியமைச்சரே சொன்னார். அவர்களில் எத்தனை பேர் இன்று ஸ்கூட்டியில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அதே செம்மண் றோட்டால் வேலைக்கு ஓடுகிறார்கள்! அவர்கள் பயப்பட வேண்டிய றோட்டில் பயத்தோடு ஓடுகிறார்கள். இங்கே சூடேறும் சீற்றில் இருந்துகொண்டு, விளைந்த சோளத்துக்கு நடுவில் போகப் பயந்த நான் அவர்களோடு என்னை ஒப்பிட மாட்டேன்.

அடுத்த கிழமை லீஸ்க்டேல். ‘ஆன் ஒஃப் கிறீன் கேபிள்ஸ்’ எழுதிய மொன்ற்கொமரி 1911 முதல் 1926 வரை இருந்த வீடு, என் வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள். பக்கத்தில் செபர் என்ற சிற்றூரில் 1921இல் அவருடைய கணவர் காரை இன்னொருவர் காரோடு இடித்து, வழக்கு வருஷக்கணக்கில் இழுபட்டது. வெறும் றோட்டிலும் இடிக்கலாம் என்று மச்சாளிடம் சொல்லாதீர்கள்.

அதற்குமுன் ஒரு சின்ன வேலை. இதை வாசிக்கும் அக்காமார், தங்கச்சிமார் பலரிடம் ஜி2 அட்டை கைப்பைக்குள் சும்மா கிடக்கும், எனக்குத் தெரியும். அந்த அட்டைக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள். அதற்குள் முழு ஜி எடுக்காவிட்டால் எழுத்துப் பரீட்சையிலிருந்து தொடங்கவேண்டி வரலாம். இப்போதே எடுத்து, முடியும் திகதியைப் பாருங்கள்.