பதுங்குகுழியில் வளர்ந்த பிள்ளைகள் இன்று பெற்றோர்

வன்னி மண்ணில் இடம்பெயர்வு என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட மக்களில் பெருந்தொகையானோர் பின்னர் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்து சேர்ந்தனர். 1996 இல் கிளிநொச்சி நகரும் சுற்றியுள்ள கிராமங்களும் வெறுமையாயின. 1997 மே மாதம் ஆரம்பித்த ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை, வவுனியா வடக்கிலிருந்து மாங்குளம் வரை கண்டி வீதியை அண்டிய ஊர்களைக் கலைத்தது. 2008 இல் மீண்டும் தொடங்கிய ஓட்டம் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்து, எம்மக்களைச் செட்டிகுளம் மெனிக் பாம் முட்கம்பி வேலிக்குள் கொண்டுபோய் விட்டது. அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஆனால் அங்கிருந்து புறப்பட்ட எல்லோரும் தமது சொந்த வளவுக்குப் போய்ச் சேரவில்லை.

திரும்பி வந்தவர்கள் கண்ணிவெடி அகற்றும் வரை காத்திருந்தார்கள். பற்றைகளை வெட்டி, வரம்பு கட்டி, தூர்ந்த கிணறுகளை இறைத்து, இரணைமடுத் தண்ணீரில் மறுபடியும் நெல் விதைத்தார்கள். இழந்த வீடு, மாடு, உழவு இயந்திரம், தென்னை எல்லாம் படிவங்களில் பதியப்பட்டன. எந்தப் படிவத்திலும் பதியப்படாத இழப்பு ஒன்று உண்டு. அது மனதின் அமைதி.

2009 இல் பத்து வயதில், பதுங்குகுழிக்குள் தாயின் மடியில் முகம் புதைத்திருந்த பிள்ளைக்கு இன்று இருபத்தைந்து வயதுக்கு மேல். அந்தப் பிள்ளையின் மடியில் இப்போது இன்னொரு பிள்ளை இருக்கிறது. இந்தக் குழந்தை ஷெல் சத்தம் கேட்டதில்லை. பிணம் கிடந்த தெருவால் நடந்ததில்லை. ஆயினும் போர் இதன் வாழ்வுக்குள் நுழைய ஒரு வழி இன்னும் திறந்தே இருக்கிறது. நாம் பிள்ளை வளர்க்கும் முறைதான் அந்த வழி. அதை அடைப்பது எப்படி என்பதையே இக்கட்டுரையில் எமது குடும்பங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

அடங்காத அபாய மணி

ஆபத்து வரும்போது உடல் தன்னைக் காக்க ஆயத்தமாகிறது. நெஞ்சு படபடக்கும், தசைகள் இறுகும், காது கூர்மையாகும், நித்திரை விலகும். கிபிர் விமானத்தின் இரைச்சல் கேட்டதும் கண் இமைக்குமுன் எம்மைப் பங்கருக்குள் பாய வைத்தது இந்த ஏற்பாடே. அது கடவுள் தந்த கொடை. ஆபத்து நீங்கியதும் அது தணிந்துவிட வேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஓயாமல் அடித்த அபாய மணி சிலருக்குள் தணிய மறுக்கிறது. திருவிழா வெடிக்கும், இடிமுழக்கத்துக்கும், தலைக்கு மேலால் போகும் ஹெலிகொப்டருக்கும் உடல் துள்ளுகிறது. இரவில் பயங்கரக் கனவுகள் வருகின்றன. பகலில் தலையிடி, நாரி உளைவு, நெஞ்சு இறுக்கம், அடிக்கடி பெருமூச்சு. ஆஸ்பத்திரியில் சோதித்தால் ஒரு வருத்தமும் இல்லை என்கிறார்கள். வருத்தம் உண்டு. அது மனதில் பட்ட காயம்.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993 இல் வெளியிட்ட நூலின் பெயரே 'மனவடு' என்பதாகும். உடலில் பட்ட காயம் ஆறினாலும் வடு நிற்பதுபோல மனதிலும் நிற்கும் என்பதை அச்சொல் எமக்கு உணர்த்தியது. போரினால் காயப்படுவது தனி மனிதர் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் ஒன்றாகக் காயப்படுகின்றன என்பதை அவர் பின்னர் தமது ஆய்வுகளில் விரித்துக் காட்டினார். அப்படியானால் காயம் ஆறவேண்டிய இடமும் குடும்பமும் ஊருமே.

துயரம் அடியாக மாறும்போது

அபாய மணி தணியாத மனிதனுக்குக் கோபம் சட்டென்று வரும். பிள்ளை கோப்பையைத் தவறவிட்டு உடைத்த சத்தம்கூட அவனுக்குத் தாங்க முடியாததாகிவிடும். கை தானாக ஓங்கும். அடித்த பின்னர் அவனே தனிமையில் இருந்து வருந்துவான். வருத்தத்தை மறக்கக் கசிப்பை நாடுவான். கசிப்பு மறுபடியும் கையை ஓங்க வைக்கும். இந்தச் சக்கரம் சுழலும் வீடுகளை நாம் ஒவ்வொரு கிராமத்திலும் காண்கிறோம்.

இது எமது ஊகம் மட்டுமல்ல. வடக்கு கிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2008 இல் வெளியாகியது. அவர்களில் 100 க்கு 82 பேர் போர்ச் சம்பவம் ஒன்றையேனும் அனுபவித்திருந்தனர். அதைவிட அதிகமாக, 100 க்கு 95 பேருக்கு மேல், வீட்டுக்குள் ஏதோ ஒரு வகை வன்முறையைச் சந்தித்திருந்தனர். 100 க்கு 30 பேரிடம் மனவடு நோய் காணப்பட்டது. ஒரு பிள்ளை வீட்டில் எவ்வளவு துன்புறுகிறது என்பதோடு இரண்டு விடயங்கள் தெளிவாகத் தொடர்புபட்டிருந்தன: ஒன்று போர் அனுபவம், மற்றையது தகப்பனின் மதுப்பழக்கம்.

இந்த எண்களை நாம் தகப்பன்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக எழுதவில்லை. தாய்மாரும் அடிக்கிறார்கள். கணவனை இழந்து தனியே குடும்பத்தைச் சுமக்கும் தாய், விடியற்காலையில் கூலி வேலைக்குப் போய் மாலையில் களைத்து வருகையில், பிள்ளை சொல்வழி கேளாவிட்டால் தடியை எடுக்கிறாள். "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியையும் துணைக்கு அழைக்கிறோம். மாடு வளர்க்கும் எமக்கு உண்மை தெரியும். அடித்தே பழக்கிய மாடு கையைக் கண்டால் மிரளும்; கலப்பையை இழுக்கும், ஆனால் நம்பாது. தடவிப் பழக்கிய மாடுதான் குரலுக்கு வரும். அடிவாங்கும் பிள்ளையும் அப்படியே. அது பிழையைத் திருத்தப் பழகுவதில்லை, பிழையை மறைக்கப் பழகுகிறது. கோபம் வந்தால் கைநீட்டலாம் என்பதையும் எம்மிடமே படித்துக்கொள்கிறது. பாடசாலைகளில் பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சு 2005 இல் சுற்றுநிருபம் அனுப்பியது. வீட்டுக்குச் சுற்றுநிருபம் அனுப்ப எவராலும் முடியாது. அதை நாமே எமக்கு எழுத வேண்டும்.

சொல்லாத கதையின் பாரம்

வேறு சில வீடுகளில் அடி இல்லை, மௌனம் இருக்கிறது. சுவரில் மாலையிட்ட படம், அல்லது மாலை போடாத படம். அது யார் என்று பிள்ளை கேட்டால் தாய் எழுந்து குசினிக்குள் போய்விடுகிறாள். பிள்ளை மனம் நோகக்கூடாது என்று எண்ணி நாம் மறைக்கிறோம். ஆனால் பிள்ளைக்குத் தாயின் முகம் தெரிகிறது, காரணம் தெரியவில்லை. காரணம் தெரியாத பிள்ளை, "நான் ஏதோ பிழை செய்துவிட்டேன்" என்று தன்மேல் பழியைப் போட்டுக்கொள்ளும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களில் இந்தப் பாரம் இன்னும் கனமானது. இறந்தார் என்றால் அடக்கம் உண்டு, எட்டும் முப்பத்தொன்றும் உண்டு, ஆண்டுத் திவசம் உண்டு. எந்த முடிவும் தெரியாதவருக்கு எந்தச் சடங்கைச் செய்வது? 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மார் கேட்டதும் இந்த முடிவைத்தான். அவர்களைப் பார்த்து "மறந்துவிடு" என்று சொல்வது ஆறுதலாகாது. பொட்டு வைப்பதா, அழிப்பதா என்று அவர்களுக்கு நாள் குறிப்பதும் எமது வேலையல்ல.

பிள்ளைக்கு என்ன சொல்வது? "அப்பா வெளிநாட்டில்" என்ற பொய் ஒருநாள் பாடசாலையில் உடையும். அன்று பிள்ளை அப்பாவோடு அம்மாவையும் இழந்ததுபோல் உணரும். வயதுக்கேற்ற உண்மையைச் சொல்லுங்கள். "அப்பா 2009 இல் எங்களோடு இருந்தார். பிறகு அவரைக் காணவில்லை. நாங்கள் இன்னும் தேடுகிறோம். இதில் உன்னுடைய பிழை ஒன்றும் இல்லை." ஆறு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவும் போதும். இறந்த கோலத்தையும் இரத்தத்தையும் விவரிக்கத் தேவையில்லை. அவர் எப்படிச் சிரிப்பார், எந்தக் கறியை விரும்புவார், எந்த வயலை உழுதார் என்று சொன்னால், படத்தில் இருப்பவர் பிள்ளைக்கு ஒரு மனிதராகிறார். மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வார்க்கும்போது ஏன் அந்தக் கஞ்சி என்று பிள்ளை கேட்கும். அதுவே சொல்வதற்கு நல்ல தருணம். பசியில் ஒரு சிரட்டைக் கஞ்சியைப் பகிர்ந்து குடித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். துயரத்தோடு துணிவையும் பிள்ளை கேட்க வேண்டும்.

எல்லாம் மனதுக்குள் இல்லை

உளநலம் பற்றிப் பேசும்போது ஓர் ஆபத்து உண்டு. காணியை இழந்தவனுக்கு ஆலோசனை மட்டும் சொல்லி அனுப்புவதே அது. போர் முடிந்த சில மாதங்களில், 2009 இன் நடுப்பகுதியில், யாழ் மாவட்டத்தில் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2011 இல் வெளிவந்தது. மொத்தத்தில் 100 க்கு 22 பேரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. அப்போதும் இடம்பெயர்ந்தே வாழ்ந்தவர்களிடம் அது 100 க்கு 42 பேர் வரை உயர்ந்திருந்தது. சொந்த வளவுக்குத் திரும்புவதும் ஒரு மருந்து என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு? கேப்பாப்புலவு மக்கள் 2017 இல் இரவு பகலாக வீதியில் இருந்து காணியின் ஒரு பகுதியை மீட்டார்கள். அது நில உரிமைப் போராட்டம் மட்டுமல்ல, உளநலப் பணியும்கூட.

கடனும் அவ்வாறே. நுண்கடன் தவணைக்கு ஆள் வரும் நாளில் தாயின் கை பிள்ளைமேல் ஓங்குவதை அயலார் அறிவர். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் 100,000 ரூபாவுக்குக் குறைந்த நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்தது, இந்தச் சுமை எவ்வளவு பரவியிருந்தது என்பதைக் காட்டியது. புதுக் கடன் எடுக்கும்முன் கணவனும் மனைவியும் ஒன்றாக இருந்து கணக்குப் பாருங்கள். கிராமத்துச் சிறு சேமிப்புக் குழுவில் சேருங்கள்.

வீட்டில் நாளாந்தம் செய்யக்கூடியவை

பெரிய செலவு எதுவும் வேண்டாம். நாளில் ஒரு வேளையாவது குடும்பமாக இருந்து சாப்பிடுங்கள். சோறும் சம்பலும் என்றாலும் போதும். அந்த நேரத்தில் ஏச்சும் வேண்டாம், தொலைபேசியும் வேண்டாம். நித்திரைக்குப் போகும் நேரமும் பாடசாலைக்கு எழும்பும் நேரமும் நாள்தோறும் ஒன்றாக இருக்கட்டும். எல்லாம் குலைந்துபோன வாழ்வில் ஒழுங்கான நேரமே பிள்ளைக்குப் பாதுகாப்பு.

கோபம் ஏறும்போது அந்த இடத்தை விட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போங்கள். முகத்தைக் கழுவி, மெதுவாக மூச்சை விடுங்கள். மூச்சோடு ஒரு சிறு மன்றாட்டையோ மந்திரத்தையோ திரும்பத் திரும்பச் சொல்லலாம். செபமாலை சொல்பவர் செபமாலையையும், ஓம் சொல்பவர் ஓமையும் சொல்லட்டும். எமது உளமருத்துவர்களும் இதைச் சிகிச்சையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பிள்ளை பிழை செய்தால் பிழையைச் சொல்லுங்கள், பிள்ளையைப் பழிக்காதீர்கள். "நீ உதவாக்கரை" என்பது வடுவாகும். "மாட்டைக் கட்டாமல் விட்டாய், பயிர் போய்விட்டது, வா, இருவரும் வேலியைச் சரிசெய்வோம்" என்பது பாடமாகும். கைமீறி அடித்துவிட்டால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். அதனால் தகப்பனின் மதிப்புக் குறையாது. தயவுசெய்து, நன்றி, மன்னித்துக்கொள் என்ற மூன்று சொற்களும் வீட்டில் ஒலிக்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் குடும்பங்களுக்குப் பலமுறை நினைவூட்டினார்.

இறுதியாக, பூச்சிமருந்துப் போத்தலைப் பூட்டி வையுங்கள். நஞ்சு கூடிய பூச்சிமருந்துகளை இலங்கை 1995 இலும் 1998 இலும் தடை செய்தது. அதன்பின் 2005 அளவில் நாட்டில் தற்கொலை வீதம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. மனம் உடையும் வேளை பெரும்பாலும் குறுகியது. அந்த வேளையில் நஞ்சு கைக்கெட்டாமல் இருந்தால் ஓர் உயிர் தப்புகிறது.

எப்போது உதவி தேட வேண்டும்?

வளர்ந்த பிள்ளை மறுபடி பாயில் சலம் போவது, தனியே இருக்கப் பயப்படுவது, படிப்பில் திடீரெனப் பின்தங்குவது, காரணமின்றி அடிக்கடி வயிற்றுவலி என்பது, எவரோடும் சேராமல் ஒதுங்குவது ஆகியவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் கவனியுங்கள். பெரியவர்களில் நித்திரையின்மை, குடி, எதிலும் விருப்பமின்மை, "செத்தால் நல்லது" என்ற பேச்சு ஆகியவற்றை அலட்சியம் செய்ய வேண்டாம். இது பேய் பிடித்ததுமல்ல, செய்வினையுமல்ல, விசரும் அல்ல. குணமாக்கக்கூடிய நோய்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் உளநலச் சேவை இலவசமாகக் கிடைக்கிறது. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரையும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் சந்திக்கலாம். உளநல உதவிக்கு 1926, சிறுவர் துன்புறுத்தல் பற்றி அறிவிக்க 1929 என்ற இலக்கங்களை அழைக்கலாம்.

உதவி தேடுபவரை ஊர் பழிக்காதிருப்பது எம் எல்லோருடைய கடமை. யோபுவின் நண்பர்கள் அவரைக் காண வந்தபோது ஏழு இரவும் ஏழு பகலும் பேசாமல் அவரோடு தரையில் இருந்தார்கள். அவர்கள் செய்த நற்செயல் அதுவே. வாய் திறந்து பழி சொல்லத் தொடங்கிய பின்னர்தான் அவர்கள் அவரைக் காயப்படுத்தினார்கள். அயல்வீட்டுத் திண்ணையில் போய் இருந்து ஒரு தேத்தண்ணி குடித்து, அவர் சொல்வதைக் கேட்க எம்மால் முடியும். வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுத் திருவிழாவுக்கும் ஒன்றாகப் போகும் ஊர், துயரத்தையும் ஒன்றாகச் சுமக்கலாம்.

எமது பிள்ளைகளுக்கு நாம் காணி உறுதியை விட்டுச் செல்வோமோ தெரியாது. அடியில்லாத, பொய்யில்லாத ஒரு வீட்டை விட்டுச் செல்லலாம். அதற்கு எவரது அனுமதியும் வேண்டியதில்லை. இன்றிரவுச் சாப்பாட்டிலிருந்தே தொடங்கலாம்.