சல்லடைக்குப் பின் தோட்டத்தின் பெயர் எதற்கு?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் இடத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். மலையிலிருந்து மூட்டையாக இறங்கிய காயைச் சல்லடையில் கொட்டி ஆட்டுகிறார்கள். எட்டு மில்லிமீட்டர் துளையில் விழாமல் மேலே தங்குவது முதல் தரம். வியாபாரிகள் பேச்சில் அது வெறும் ‘எட்டு எம்எம்’. விழுந்த காய் அடுத்த சல்லடைக்குப் போகிறது. பிறகு சிலமலை போன்ற சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வேலைக்கு வரும் பெண்கள் காயைப் பரப்பி வைத்து, வெடித்ததையும் நிறம் மங்கியதையும் பொறுக்கி ஒதுக்குகிறார்கள்.

மேலே தங்கிய குவியலிலிருந்து ஒரு காயைக் கையில் எடுங்கள். பேர்பெற்ற பெரிய தோட்டத்தில் விளைந்ததா, எங்கோ ஒரு சரிவில் அரை ஏக்கர் வைத்திருப்பவர் பறித்ததா? காயைப் பார்த்துச் சொல்ல முடியாது. சல்லடை ஏறுவதற்கு முன் தோட்டத்தின் பெயருக்கு மதிப்பு இருந்தது. ஏறி இறங்கிய பின் காய்தான் பேசுகிறது.

விளையாட்டு வீரர்களைத் தேர்ந்தெடுப்பவர்களை வெகுகாலமாக வாட்டும் ஒரு கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. எந்தப் பள்ளி, எந்தக் கல்லூரி, எந்தப் பயிற்சிக்கூடம் என்று தெரிந்தால் ஒருவர் பெரிய ஆட்டத்தில் ஜெயிப்பாரா என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா?

இந்தக் கேள்விக்கு அதிகம் செலவழிப்பவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. பந்தை யாரிடம் எறிவது என்று இரண்டு மூன்று வினாடிக்குள் முடிவெடுப்பவர், அணியின் மூளை. தொழில்முறை அணிகள் 32. கல்லூரி ஆட்டக்காரர்களை அவை ஆண்டுக்கொரு முறை வரிசை போட்டு எடுத்துக்கொள்கின்றன. பெரிய கல்லூரி அணியில் ஆடியவருக்கு எப்போதும் கிராக்கி.

ஆனால் முடிவுகள் அந்த வரிசைக்குக் கட்டுப்படவில்லை. டாம் பிரேடி பேர்பெற்ற மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரர். இருந்தும் 2000ஆம் ஆண்டு 199ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். பின்னர் ஏழு முறை சாம்பியன். கர்ட் வார்னர் சிறிய வடக்கு அயோவா பல்கலைக்கழகத்துக்காரர். 1994இல் அவரை எந்த அணியும் வரிசையில் எடுக்கவில்லை. மளிகைக் கடையில் இரவு வேலையாகச் சரக்கு அடுக்கினார். பின்னர் ஓர் அணியில் இடம் பிடித்தார்; 2000 ஜனவரியில் அந்த அணி சாம்பியன் கோப்பையை வென்றது. ஜோஷ் ஆலன் பள்ளி முடித்தபோது எந்தப் பெரிய கல்லூரியும் அவரை அழைக்கவில்லை. 2024 பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது.

இவை விதிவிலக்குகள்தானே என்று கேட்கலாம். டேவிட் பெர்ரி, ராப் சிம்மன்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் பல ஆண்டுக் கணக்குகளை எடுத்து அலசி, 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்வரிசையில் எடுக்கப்பட்டவர்களுக்குக் களத்தில் இறங்கும் வாய்ப்பு கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் இறங்கிய பின், ஒவ்வொரு ஆட்டத் தருணத்திலும் அவர்கள் காட்டிய திறனுக்கும் வரிசை எண்ணுக்கும் பெரிய தொடர்பு இல்லை. எடுத்தவர்களின் மதிப்பீடு வாய்ப்பைத் தீர்மானித்தது, திறமையைத் தீர்மானிக்கவில்லை.

ஏன் இப்படி? சல்லடைக்கே திரும்புவோம். ஒரு கணக்குக்காக, முதல் தோட்டத்தில் நூறு காய்க்கு அறுபது எட்டு எம்எம் தேறுகிறது, இரண்டாம் தோட்டத்தில் பத்துதான் தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சலிக்காத மூட்டையை வாங்குகிறவருக்குத் தோட்டத்தின் பெயர் உயிர்நாடி. சலித்த காயை வாங்குகிறவருக்கோ இரண்டு தோட்டத்துக் காயும் ஒன்றுதான். ஆட்டக்காரர் தேர்விலும் இதே கதைதான்: தேர்வு கடுமையாக ஆக ஆக, தேறியவர்களுக்குள் வேறுபாடு சுருங்கிப்போகிறது. ஆகவே வந்த இடத்தை வைத்து அவர்களைப் பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

இதைவிட வியப்பான ஒன்றும் உண்டு. காய்க்குப் பதில் மனிதர்களைச் சலிக்கும்போது, சல்லடையைப் பிடித்திருப்பவர் பெயரைப் பார்த்துக் கொஞ்சம் சலுகை காட்டுகிறார். பெரிய பள்ளிப் பிள்ளை ஓரளவு ஆடினாலே தேறிவிடுகிறான். பெயர் இல்லாத ஊர்ப் பிள்ளை தேற வேண்டுமானால் அசாத்தியமாக ஆடியாக வேண்டும். அப்படிப்பட்ட தேர்வில் தேறியவர்களை மட்டும் வரிசைப்படுத்தினால், சிறிய இடத்திலிருந்து வந்தவரே ஒரு படி மேலாக நிற்கக்கூடும்.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி வேகப்பந்து வீச்சாளர் நடராஜனை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் வீசியவர். 2020இல் ஆஸ்திரேலியாவுக்குப் போன இந்திய அணிக்கு, முதலில் வலைப்பயிற்சியில் பந்து வீசுபவராகத்தான் தேர்வானார். அந்த ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தார்.

அப்படியானால் பயிற்சிக்கூடங்கள் வீணா? இல்லை. ஆனால் இப்படிப்பட்ட ஒரு நாற்றங்கால் ஆளை உருவாக்குகிறதா, உருவாகக்கூடிய ஆளைப் பொறுக்கி எடுக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சென்னையில் 1987இல் தொடங்கிய எம்ஆர்எஃப் வேகப்பந்து வீச்சு மையத்தில் பயின்றவர்கள் ஜவகல் ஸ்ரீநாத், ஜாகீர் கான், இர்பான் பதான். பட்டியல் பெரிது, உழைப்பும் பெரிது. ஆனால் வேகமாக வீசக்கூடியவரைத்தான் அங்கே உள்ளேயே விடுகிறார்கள். அதே மையத்துக்கு வேகப்பந்து வீச ஆசைப்பட்டு வந்த ஒரு சிறுவனை, மட்டையில் கவனம் வை என்று அங்கிருந்த பயிற்சியாளர் டென்னிஸ் லில்லி திருப்பி அனுப்பினார். அந்தச் சிறுவன் சச்சின் டெண்டுல்கர்.

இன்னொரு பக்கம் குகேஷ். 2013இல் ஏழு வயதில் சென்னை வேலம்மாள் பள்ளியில், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் சதுரங்க வகுப்பு. அந்த வகுப்பில் பலகை முன்னால் உட்கார்ந்த பிள்ளை, 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார். இங்கே பள்ளி பொறுக்கி எடுத்தது என்று மட்டும் சொல்ல முடியாது. சதுரங்கக் காய்களை எடுத்து அந்தக் கையில் கொடுத்ததும் அதுதான்.

உருவாக்குவதையும் பொறுக்குவதையும் பிரித்துப் பார்க்க ஓர் அழகான வழியை ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் 2002இல் காட்டினார்கள். விளையாட்டில் அல்ல, படிப்பில். பெரிய கல்லூரியில் இடம் கிடைத்துப் போனவர்களையும், அதே மாதிரி இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரிக்குப் போனவர்களையும் ஒப்பிட்டார்கள். பிற்காலச் சம்பாத்தியத்தில் இரு தரப்புக்கும் பொதுவாக வித்தியாசம் இல்லை. பிள்ளையின் திறமை எங்கே போனாலும் கூடவே போயிருக்கிறது. ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தக் கல்லூரி உண்மையாகவே உதவியது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது இந்த முடிவுதான். எல்லாம் உள்ள பிள்ளைக்கு நாற்றங்காலின் பெயர் ஓர் அலங்காரம். ஒன்றும் இல்லாத பிள்ளைக்கோ அதே இடம் வாழ்க்கையைத் திருப்பிப் போடும். பெயரை வைத்து ஆரூடம் சொல்வது தவறு; இடம் கொடுப்பது அவசியம். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

சிலமலைப் பக்கத்து ஊர்களிலிருந்து விடியுமுன்பே ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகள், சாயங்காலம் கிடைக்கிற வெட்டவெளியில் பந்து எறிந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தேர்வாளர்களுக்கும் விளையாட்டு ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எந்தப் பள்ளி என்ற கேள்வியைக் கடைசியில் கேளுங்கள். முதலில் பந்தைக் கையில் கொடுத்துப் பாருங்கள். சல்லடை நகரத்திலேயே ஆடிக்கொண்டிருந்தால் நகரத்துக் காய்தான் மேலே தங்கும். அதை மலையடிவாரம் வரை கொண்டுவர வேண்டியது நம் பொறுப்பு.